கடுங்குளிர்ப் பகுதியில், வெயிலே படாத இடத்தில் ஆண்டுதோறும் பூக்கும் செடி எதை வைக்கலாம்?

வீட்டின் வடக்குச் சுவரோரம் நாள் முழுக்க நிழல், குளிர்காலத்தில் மண் உறைந்து கல்லாகிவிடும், ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானே துளிர்க்கும் பூச்செடி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நர்சரிக்குப் போய், அட்டையில் ‘நிழல்’ என்று போட்டிருந்ததையெல்லாம் அள்ளி வந்தவன் நான். பாதிக்கு மேல் செத்துப் போயின. குளிரில் அல்ல, தண்ணீர் இல்லாமல்.

அதனால் செடியைத் தேடுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் விரலை ஆழமாக விட்டால் ஈரம் தெரிகிறதா? சுவரோரத்தில் கூரை விளிம்பு மழையைத் தடுத்துவிடும். மேப்பிள் மாதிரி மேலாக வேரோடும் மரத்தடியில், இலைகளைத் தாண்டி விழும் கொஞ்ச நீரையும் மரமே குடித்துவிடும். நிழல் என்றாலே ஈரம் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

ஈரம் நிற்கும் இடமென்றால் அஸ்டில்பி. இறகுக் குஞ்சம் போல வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பில் பூக்கும். ஆனால் ஒரு வாரம் காயவிட்டால் இலை ஓரம் கருகி முறுக்கிக்கொள்ளும். காய்ந்த நிழலுக்கு எபிமீடியம், அல்லது ஜெரேனியம் மேக்ரோரைசம். (ஜன்னல் தொட்டிகளில் சிவப்பாகப் பூக்குமே, அந்த ‘ஜெரேனியம்’ வேறு; அது உறைபனியில் போய்விடும்.) வறட்சி தாங்கும் என்றாலும் நட்ட முதல் ஆண்டு இவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் குளிர். செடி அட்டையில் இருக்கும் மண்டல எண், அது எவ்வளவு குளிர் தாங்கும் என்பதன் கணக்கு. ஊர்களையும் இதே எண்களால்தான் பிரித்திருக்கிறார்கள். மண்டலம் 5 என்றால் அங்கே குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக மைனஸ் 23 முதல் மைனஸ் 29 டிகிரி செல்சியஸ். மண்டலம் 3 என்றால் மைனஸ் 34 முதல் மைனஸ் 40. உங்கள் ஊர் எண்ணோ அதைவிடச் சிறிய எண்ணோ உள்ள செடியை வாங்குங்கள். நிழல் செடிகளான ஹோஸ்டா, புருனெரா, பிளீடிங் ஹார்ட் மூன்றும் 3 வரை தாங்கும். அஸ்டில்பிக்கு 4. எபிமீடியம் பெரும்பாலும் 5.

எண் சரியாக இருந்தும், இலை அழகுக்காக வைக்கும் ஹியூகெரா என்ற செடி ஒன்றை இழந்தேன். பனி உருகிய பிறகு பார்த்தால், ஆடும் பல் மாதிரி தூர் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது, வேர் பாதி வெளியே. மண் மாறி மாறி உறைந்து இளகும்போது செடியை இப்படி மேலே தள்ளிவிடும். பனி கனமாக மூடியிருந்தால் அதுவே கம்பளி; இல்லாவிட்டால், மண் உறைந்த பிறகு காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். மேலே வந்துவிட்டதைக் கண்டால் உடனே அழுத்தி மண் அணைத்துவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை சில வாரம்தான் பூக்கும். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இலையைத்தான். ‘ஜாக் ஃபிராஸ்ட்’ என்ற புருனெரா வகையில் இதய வடிவ இலை முழுக்க வெள்ளி, நடுவே பச்சை நரம்பு. வசந்தத்தில் மேலே பொடிப்பொடியாக நீலப் பூ. பூ உதிர்ந்த பிறகும் இருட்டு மூலையில் விளக்கு வைத்தது போல இருக்கும். வேலி ஓரத்து நிழலுக்கு லில்லி ஆஃப் தி வேலி வைக்கச் சொல்வார்கள். மணம் அருமைதான், ஆனால் கட்டுக்கடங்காமல் பரவும், செடி முழுக்க விஷம். குழந்தைகளோ நாயோ இருந்தால் வேண்டாம்.

உங்கள் சுவரோரத்தில் ஈரம் இருந்தால் நான் பிளீடிங் ஹார்ட்டையும் ஹோஸ்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பிளீடிங் ஹார்ட் வசந்தத்தில் வளைந்த காம்பில் இதயங்களைத் தொங்கவிட்டுவிட்டு, கோடை நடுவில் மஞ்சளாகி மண்ணுக்குள் போய்விடும். தாமதமாக முளைக்கும் ஹோஸ்டா அதற்குள் இலை விரித்து அந்த இடத்தை மூடிவிடும். நத்தை மட்டும் ஹோஸ்டா இலையைச் சல்லடையாக்கும், இருட்டிய பிறகு டார்ச்சோடு போய்ப் பொறுக்க வேண்டியதுதான். பிளீடிங் ஹார்ட் நட்ட இடத்தில் ஒரு குச்சி ஊன்றி வையுங்கள். காலி இடம் என்று நினைத்து ஆகஸ்டில் மண்வெட்டியை இறக்கி, அதன் சதைப்பற்றான வேரை இரண்டாக வெட்டியிருக்கிறேன்.