நிரந்தர வேலையும் 12 மீட்டர் ஒளிப்பாதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பற்றிய கட்டுரையில், பரிசு பெற்ற மூவரில் ஒருவரான அலைன் அஸ்பே தன் சோதனைத் திட்டத்துடன் ஜெனீவாவில் இயற்பியலாளர் ஜான் பெல்லைச் சந்தித்தபோது, பெல் முதலில் கேட்டது "உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா?" என்பதுதான் என எழுதியிருந்தீர்கள். நான் முதுகலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஒளியியலில் ஆய்வு செய்ய ஆசை. அடிப்படைக் கேள்விகளில் இறங்காதே, லேசர், ஒளியிழை என்று பயன்பாட்டுப் பக்கம் போ என்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பெல் அக்கறையோடுதான் அதைக் கேட்டார். குவாண்டம் கோட்பாட்டின் அடித்தளத்தைச் சோதிப்பது தத்துவவாதிகளின் வேலை என்று 1975 வாக்கில் பெரும்பாலான இயற்பியலாளர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1972இல் பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனுடன் சேர்ந்து முதல் சோதனையைச் செய்த ஜான் கிளாசருக்குப் பேராசிரியர் பணி அமையவே இல்லை. அஸ்பேவுக்கோ ஆசிரியர் பணி ஒன்று உறுதியாக இருந்தது; அதனால்தான் 1983 வரை நீண்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வை அவரால் தாங்க முடிந்தது. அவருடைய துணிவை மட்டும் போற்றுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது உங்களைப் போன்றவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். உங்களை எச்சரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் காட்டும் இரண்டு பக்கங்களும் அஸ்பேவின் ஆய்வகத்துக்குள் தனித்தனியாக இருக்கவில்லை. ஒரே அணுவிலிருந்து கிளம்பி எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரு ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையை, அளந்தால் முடிவுகள் ஒத்துப்போகின்றன. கிளம்பும்போதே அவை விடையைச் சுமந்து செல்கின்றன என்றால் அந்த ஒப்புமைக்கு ஒரு வரம்பு உண்டு என்று பெல் 1964இல் நிறுவினார்; குவாண்டம் கோட்பாட்டின்படி அந்த வரம்பு மீறப்படும். அளவிகளின் கோணத்தை முன்பே நிலையாக வைத்துவிட்டால், அந்தத் தகவல் ஏதோவொரு வழியில் மறுமுனையை எட்டியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சும். ஆகவே ஃபோட்டான்கள் வழியில் இருக்கும்போதே கோணம் மாற வேண்டும்.

பாரிஸுக்கு அருகிலுள்ள ஓர்சேயில் அஸ்பே அமைத்த அளவிகளுக்கு இடையிலிருந்த தொலைவு 12 மீட்டர். அதைக் கடக்க ஒளிக்கு 40 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) போதும். அதற்குள் ஒரு தளவிளைவாக்கியை, அதாவது குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியைப் பிரித்தறியும் கருவியை, திருப்ப எந்த இயந்திரத்தாலும் முடியாது என்பதால், அவர் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தளவிளைவாக்கிகளை வெவ்வேறு கோணங்களில் நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் நீரில் மீயொலி நிலையலையை (நகராமல் ஒரே இடத்தில் வலுத்தும் மறைந்தும் அதிரும், காதுக்குக் கேட்காத ஒலியலையை) எழுப்பினார். அலை வலுத்திருக்கும்போது நீர் ஒளியை விலக்கி ஒன்றுக்கு அனுப்பும். அலை மறையும் கணத்தில் ஒளி நேராக மற்றொன்றுக்குச் செல்லும். சுமார் 10 நானோநொடிக்கு ஒருமுறை பாதை மாறியது. 1982இல் ஜான் தாலிபார், ஜெரார் ரோஜே ஆகியோருடன் அவர் வெளியிட்ட முடிவு பெல்லின் வரம்பைத் தெளிவாக மீறியிருந்தது. பாதை மாற்றம் முழுமையாகத் தற்செயலானது அல்ல என்ற குறை அதில் இருந்தது. அந்தக் குறையை 1998இல், அதே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆன்டன் சைலிங்கரின் குழு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நீக்கியது.

இதற்கெல்லாம் முன்பே இன்னொரு கடினமான வேலை முடிந்திருந்தது. ஃப்ரீட்மனும் கிளாசரும் 200 மணி நேரம் தரவு சேர்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்குக் கிடைத்த ஃபோட்டான் இணைகள் அவ்வளவு அரிதாக இருந்தன. அஸ்பே கால்சியம் அணுக்களை இரண்டு லேசர்களால் கிளர்த்தி, பச்சையும் ஊதாவுமான இணைகளை ஏராளமாக வெளியிடும் ஒரு மூலத்தை உருவாக்கினார். நான் அவருடைய ஆய்வு வாழ்வில் மிகவும் மதிப்பது இந்த மூலத்தைத்தான். 1986இல் பிலிப் கிராஞ்சியேவும் அவரும் இதே மூலத்திலிருந்து வந்த ஒரு ஃபோட்டானின் வருகையைக் கொண்டு அதன் இணையை அடையாளம் கண்டு, தனி ஃபோட்டான் இரு பாதைகளில் செல்லும் அலைபோலத் தன்னோடு தானே குறுக்கிடுவதைக் காட்டினார்கள். ஒற்றை ஃபோட்டான்களைக் கொண்டு இயங்கும் இன்றைய குவாண்டம் தகவல்தொடர்பில், இணையைக் கண்டு ஃபோட்டானை அறியும் அந்த உத்தி அன்றாடக் கருவியாகிவிட்டது.

பிறகு அஸ்பே இயற்பியலாளர் கோஹன்-தனூஜியுடன் சேர்ந்து, லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் ஆய்வுக்குச் சென்றார். 2019இல் தொடங்கப்பட்ட பாஸ்கல் என்ற குவாண்டம் கணினி நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

எனவே நீங்கள் ஆய்வுத் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சேர நினைக்கும் ஆய்வகத்துக்கு நேரில் சென்று அங்குள்ள மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். ஒளிமூலத்தையும் உணர்விகளையும் அவர்களே அமைத்துச் சீரமைக்கிறார்களா, உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, அது நின்ற பிறகு ஆய்வை முடித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதினால், அடுத்து யோசிக்க வேண்டியதைச் சேர்ந்தே யோசிக்கலாம்.