பியானோ கச்சேரியில் ‘தீம் அண்ட் வேரியேஷன்ஸ்’ என்றால் என்ன?

ஒரு சின்ன மெட்டை முதலில் அப்படியே வாசித்துவிட்டு, அப்புறம் அதையே தாளம், வேகம், உணர்ச்சி மாற்றி மாற்றி வாசிப்பதுதான். மெட்டு காதில் பதிந்தால்தானே மாற்றம் பிடிபடும்? ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று நாம் பாடும் மெட்டுக்கு மோட்சார்ட் 12 வேரியேஷன்கள் எழுதினார். முதலாவதில் வலது கை ஓடும். இரண்டாவதில் ஓட்டம் இடது கைக்குப் போகும். எட்டாவதில் சோகச் சாயல் கொண்ட ‘மைனர்’ சுர அமைப்புக்கு மாறி, அதே மெட்டு சட்டென்று வாடிவிடும்.

1741-இல் வெளியான, இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்கள்’ இன்னும் குறும்பு. மேலே கேட்ட மெட்டு காணாமல் போகும். அடியில் ‘பேஸ்’ என்கிற கீழ்ச்சுரங்களின் நடை மட்டும் நிற்கும். தெரிந்தவர் உடை மாற்றி வந்தாலும் நடையை வைத்துக் கண்டுபிடிப்போமே, அப்படி.

பியானோ கலைஞர் மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இந்தச் சுரங்கள் ஏறக்குறைய எல்லாமே முன்பே எழுதி வைத்தவை.