கஞ்சியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் கன்னி நாய்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறேன். முப்பது வெள்ளாடு இருக்கிறது. காவலுக்கு ஒரு கன்னி இன நாய், நான்கு வயது ஆண், பெயர் கருப்பன். குட்டியிலிருந்தே கம்பங்கஞ்சியும் சோறும்தான். இப்போது பத்து நாளாகக் கஞ்சி ஊற்றினால் கிட்ட வந்து முகர்கிறான், ஒரு வாய் நக்குகிறான், அப்புறம் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். ஓட்டம், குரைப்பு, ராத்திரிக் காவல் எதிலும் குறை இல்லை. தண்ணீர் குடிக்கிறான். பூச்சியாக இருக்குமோ என்று போன வாரம் பூச்சி மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து வைத்தேன். அதற்குப் பிறகு சுத்தமாகத் தொடுவதில்லை. மருந்துக் கடையில் லிவர் டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் கண்பட்டுவிட்டது என்கிறார்கள். புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி இல்லை. இல்லையென்றால் மீன்குழம்புச் சோறாவது போட்டுப் பார்ப்பேன். என்ன செய்யலாம் டாக்டர் ஐயா?

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஆவணி வரைக்கும் உங்கள் வீட்டில் மீன் வாங்கியிருப்பீர்கள், கருவாடு சுட்டிருப்பீர்கள். மீன் தலை, கறிச்சட்டி வழித்த சோறு, ஒன்றுமில்லாவிட்டால் கருவாடு ஊறவைத்த தண்ணீர் என்று ஏதோ ஒரு கவிச்சி வாசம் கருப்பனின் கஞ்சியில் இருந்துகொண்டே இருந்திருக்கும். நாய் சாப்பாட்டை மூக்கால்தான் முடிவு செய்கிறது. நாவில் நமக்கு இருக்கும் சுவை மொட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதற்கு உண்டு. நீங்கள் நான்கு வருடமாக ஊற்றியது உங்கள் கணக்கில் கம்பங்கஞ்சி; அவன் கணக்கில் அது மீன். புரட்டாசி பிறந்ததும் அந்த வாசம் நின்றுபோனது. பத்து நாள் என்று நீங்கள் சொல்வதும் அதோடு ஒத்துப்போகிறது.

இதற்கு மேல் மாத்திரையைப் பொடித்துக் கலந்தீர்கள். நாடாப்புழுவுக்கும் சேர்த்து வரும் பூச்சி மாத்திரைகளில் பிரசிகுவான்டல் என்ற மருந்து இருக்கும். அது கடும் கசப்பு. ஒரு தடவை வாய் வைத்துக் கசந்துவிட்டால், அதே வட்டிலில் அதே கஞ்சி வரும்போதெல்லாம் நாய் சந்தேகப்படும். இதில் உங்கள் மேல் தப்பு இல்லை, எல்லோரும் செய்வதுதான். இனிமேல் மாத்திரையை முழுசாக ஒரு வெல்லத்துண்டுக்குள் வைத்தோ, நாக்கின் பின்கோடியில் தள்ளியோ தனியாகக் கொடுங்கள். அன்றாடச் சாப்பாட்டில் மட்டும் மருந்தைக் கலக்காதீர்கள்.

மூன்றாவதாக, கம்பு மாவு எப்போது அரைத்தது? கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல். அதனால் அரைத்துச் சில நாளிலேயே மாவு காறல் அடிக்கத் தொடங்கிவிடும். நமக்கு லேசாகத்தான் தெரியும், நாய்க்கு வட்டிலுக்கு நாலடி தள்ளியே தெரிந்துவிடும். ஒரு சிட்டிகை மாவை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அதை ஒதுக்கிவிட்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் புதிதாக அரையுங்கள். மழை நனைத்துப் பூசணம் பட்ட மக்காச்சோளத்தை 'நாய்க்குத்தானே' என்று மாவில் சேர்த்து அரைக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்தப் பூசணத்தின் அஃப்ளடாக்சின் நஞ்சு நாயின் ஈரலை நேராகத் தாக்கும். அதற்கும் முதல் அறிகுறி இப்படிச் சாப்பாட்டை ஒதுக்குவதுதான். வாந்தியும் மஞ்சள் காமாலையும் பின்னால் வரும். அப்படி ஏதாவது கலந்திருந்தால் மீதி மாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதெல்லாம் என் ஊகம். உறுதிப்படுத்த ஒரு சோதனை சொல்கிறேன். நாளைக் காலை ஒரு முட்டையை அவித்து, சூடு முழுசாக ஆறுவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வட்டில் வேண்டாம், இடத்தையும் மாற்றுங்கள். வேறு ஒரு தட்டில், அவன் பார்க்கும்படி முட்டையை உடையுங்கள். (விரத மாதத்தில் வீட்டு அடுப்பில் முட்டை வேண்டாம் என்றால் தோட்டத்து மோட்டார் அறையில் அவித்துக்கொள்ளலாம்.) பாய்ந்து வந்து விழுங்கினால், அவனுக்குப் பசி இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, கோளாறு கஞ்சியில்தான். முட்டையையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவன் எவ்வளவு ஓடினாலும் சரி, நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசையாக வந்து, வாயில் எடுத்து, மெல்லும்போது கீழே போட்டுவிட்டால் வாயில் ஏதோ வலி.

அந்த மூன்றாவது வகையை நான் மறக்க முடியாது. கழுகுமலைப் பக்கமிருந்து ஒரு கிடைநாயைக் கொண்டுவந்தார்கள். நான்கு நாளாகத் தின்னவில்லை, டானிக் இரண்டு பாட்டில் முடிந்திருந்தது. முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தால் மேலண்ணத்தில், இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், விரல் நீள விலா எலும்புத் துண்டு ஒன்று குறுக்காக மாட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்த கொஞ்ச நேரத்தில், மேசைக்கு அடியில் இருந்த சோற்றுப் பொட்டலத்தைத் தாளோடு தின்றது. நான்கு நாளும் அதற்குப் பசி இருந்திருக்கிறது!

ஆனால் ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, குரல் மாறுவது, ஆளைக் கண்டு ஒதுங்குவது அல்லது காரணமில்லாமல் சீறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாய்க்குள் கை விடவே கூடாது. வெறிநோயிலும் நாய் விழுங்க முடியாமல் திணறும். பார்ப்பவர்கள் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டுவிடுகிறார்கள். கருப்பனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

முட்டையைத் தின்றாலும் ஒரு முறை உடம்பைத் தடவிப் பாருங்கள். காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா? ஆட்டுக்காவல் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் பெரிய எதிரி. அது பல நேரம் சாப்பாட்டுச் சுணக்கமாகத்தான் ஆரம்பிக்கும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கன்னிக்கு ஈறில் கருப்பு படிந்திருந்தால் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டும், அதுதான் சரியான சூடு. 103-ஐத் தாண்டினாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகவோ காப்பி நிறத்திலோ போனாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ அன்றே மருத்துவமனைதான். வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு ஆபத்து.

விதைப்புக் காலம் வேறு. வயலில் எலிக்கு மருந்து வைத்திருக்கிறீர்களா, மருந்து கலந்த விதை எங்காவது சிந்திக் கிடக்கிறதா என்று யோசியுங்கள். புரோமடியலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற நாய் மூன்று நாள் வரை ஒன்றுமே இல்லாததுபோல் திரியும், அப்புறம்தான் ரத்தக் கசிவு தெரியும். சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் மருந்து டப்பாவோடு போங்கள். வைட்டமின் கே1 என்று மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் பிழைக்கும்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். பக்கத்தில் ஏதாவது பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறதா? அது மூன்று வாரம் வரை நீடிக்கும். அந்த நாட்களில் ஆண் நாய்க்குச் சோறு இரண்டாம் பட்சம். அப்படியென்றால் முட்டையைக்கூட அரைமனதாகத் தின்பான், ஆனால் காய்ச்சல் இருக்காது, வேலியோரம் போய்க் காற்றில் முகர்ந்துகொண்டு நிற்பான்.

சரி, இப்போது தீனி. கஞ்சியைக் களியாக்குங்கள். கருப்பன் மாதிரி 18 கிலோ அளவுள்ள, ஓடி உழைக்கிற நாய்க்கு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் வேண்டும். மாவாகக் கணக்கிட்டாலே கால் கிலோவைத் தாண்டும். தண்ணீராகக் கரைத்து ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கெட்டியான களியில் அவித்த முட்டை இரண்டை மசித்துப் பிசையுங்கள். முட்டையும் முடியாது என்றால் குழைய வேகவைத்த பாசிப்பயறும் ஒரு கை கெட்டித் தயிரும் சேருங்கள், வாசத்துக்கு ஒரு கரண்டி நெய். வெங்காயம், பூண்டு, காரம் எதுவும் வேண்டாம். மீன்குழம்புச் சோறு போடலாம் என்றீர்கள். புரட்டாசி முடிந்தாலும் குழம்பு வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தாளிக்காமல் அவித்து முள் எடுத்த மீன் போதும். கருவாடு என்றால் உப்புப் போக இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.

வட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள், அல்லது புது வட்டிலே வாங்குங்கள். களியை வெதுவெதுப்பாக, வெயில் ஏறுமுன் ஒரு முறை, பொழுது சாய்ந்து ஒரு முறை வையுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். நடுவில் பிள்ளைகள் பிஸ்கட் போடக்கூடாது, இதை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். திடமான நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் முழுசாக எதையுமே தொடாவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். குட்டி நாய் என்றால் அரைநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

லிவர் டானிக்குக்கு இப்போது வேலை இல்லை, அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். கண்ணேறு கழிக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் கழிக்கட்டும், அதோடு எடையும் பாருங்கள். அவனைத் தூக்கிக்கொண்டு பருத்தி நிறுக்கும் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. முதுகெலும்பு முள் முள்ளாகத் தடவினால்தான் இளைப்பு.

முட்டையைக் கண்டதும் என்ன செய்தான், மாவு கசந்ததா, ஈறு என்ன நிறம், எடை எவ்வளவு என்று நான்கையும் எழுதுங்கள் அண்ணாச்சி. முட்டையைத் தொடவில்லை என்றால் எனக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.