செதில் பூச்சித் தொல்லை: தொட்டிச் செடி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரப்பர் செடியின் தண்டில் பழுப்பு நிறப் பொட்டுகள் மேடிட்டிருக்கின்றன. இலையெல்லாம் பிசுபிசுக்கிறது. நோயா, பூச்சியா ஐயா?

பதில்: நகத்தால் ஒன்றை நெம்பிப் பாருங்கள். கழன்று வந்து அடியில் ஈரம் தெரிந்தால் பூச்சி. கழலாமல் தண்டே கீறுபட்டால் அது செடியின் சொந்தத் தழும்பு. பிசுபிசுப்பு இருப்பதால் உங்களுடையது மென்செதில் பூச்சியாகவே, அதாவது ஓடு மென்மையான செதில் பூச்சியாகவே இருக்கும். சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டாம், பூச்சி ஒழிந்தபின் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: வேப்பெண்ணெய் தெளித்தும் அடுத்த மாதமே திரும்ப வந்துவிட்டதே?

பதில்: ஒரே ஒரு முறைதான் தெளித்திருப்பீர்கள். பூச்சியின் ஓட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது; தாய் செத்தாலும் அடியில் முட்டைகள் பத்திரமாக இருக்கும். குஞ்சுகள் வெளியே ஊர்ந்து இடம் தேடும் சில நாட்களில்தான் அவை மருந்துக்கு அகப்படும். ஆகவே முதல் வேலை மருந்தல்ல, கைவேலை. பழைய பல் பிரஷைக் காதி சோப்பு நீரில் தோய்த்து, இலைக்காம்பின் இடுக்கு, நடுநரம்பின் ஓரம் எல்லாம் தேயுங்கள். பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலைக் குழைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக நான்கு வாரம். இந்தப் பொறுமை இல்லையென்றால் எந்த விலையுயர்ந்த மருந்தும் வீண்தான்.

கேள்வி: முள் நிறைந்த உருண்டைக் காக்டஸ். வெள்ளைத் தூள் தூவியது போல இருக்கிறது. பிரஷ் நுழையவில்லை.

பதில்: இதுவும் செதில் பூச்சிதான், கடின ஓட்டு வகை. உற்றுப் பாருங்கள். வட்டமான சாம்பல் நிற ஓடுகள் பெண். நடுவில் இழை போல மெலிந்த வெள்ளை ஓடுகள் ஆண். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, வரி வரியாக ஒற்றியெடுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். காயும்வரை வெயிலில் வைக்க வேண்டாம். நீலம் பூத்த மெழுகுப் பூச்சுள்ள வகையென்றால் எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள், பூச்சு அழிந்துவிடும். செத்த ஓடு தானாக உதிராது. குண்டூசியால் சுரண்டினால் காய்ந்த பொடியாக வரும்.

கேள்வி: எறும்பும் ஏறுகிறது அக்காவின் தொட்டியில். அதையும் கொல்ல வேண்டுமா?

பதில்: இனிப்புக்காக வருகிறது, வந்த இடத்தில் பூச்சிக்குக் காவலும் நிற்கும். தொட்டியை நீர் நிரப்பிய தட்டின் நடுவே கல் மேல் வையுங்கள்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு. நசுக்கினால் இரத்தச் சிவப்பு!

பதில்: பயப்படாதீர்கள், அது சாயப்பூச்சி, செதில் பூச்சிக்கு உறவு. கம்பெனி ஆட்சியில் சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்டு 1795இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது மட்டமான இனமாகப் போயிற்று. சாயம் தேறவில்லை, காட்டுக் கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. பிறகு 1926இல் இன்னோர் இனத்தை இலங்கையிலிருந்து வரவழைத்து, கள்ளிப் புதர்களை ஒழிப்பதற்கென்றே விட்டார்கள். புதரையே சாய்க்கும் பூச்சிக்கு உங்கள் தொட்டி எம்மாத்திரம்? குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிப் பஞ்சைக் கலையுங்கள், மிச்சத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். அப்பிப் போன மடல்களை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

கேள்வி: வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கேட்குமா?

பதில்: மென்செதிலுக்குக் கேட்கும், காக்டஸில் வரும் கடின ஓட்டு வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. பறித்துச் சமைக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கூடவே கூடாது.