பார்வையற்றவருக்கு அலுவலகக் கடிதம்: பிரெய்ல் பொறி இல்லாமலே தொடங்கலாம்

கேள்வி: நான் வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். கொடுப்பனவு தொடர்பாக நாங்கள் அனுப்பிய கடிதத்தைப் பார்வையற்ற ஒரு தம்பி திரும்பக் கொண்டுவந்து, "அக்கா, இதை நான் வாசிக்கிற மாதிரித் தாங்கோ" என்றார். எங்களிடம் பிரெய்ல் அச்சடிக்கும் பொறியும் இல்லை, அதற்கென்று ஒதுக்கிய பணமும் இல்லை. காது கேளாதவர்கள், கண் மங்கிய முதியவர்கள் என்று இன்னும் பலர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: அந்தத் தம்பியிடமே தொடங்குங்கள். "வாசிக்கிற மாதிரி" என்றால் எந்த மாதிரி என்று அவரிடம் கேட்டீர்களா? பார்வையற்றவர் என்றதும் பிரெய்ல்தான் என்று நாங்கள் முடிவுகட்டிவிடுகிறோம். கைதடி நஃபீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் சின்ன வயதிலேயே விரலால் எழுத்துப் பழகியவர்களுக்குப் பிரெய்ல் கைவந்த கலை. போரிலோ நீரிழிவாலோ பெரிய வயதில் பார்வையை இழந்தவர்களில் பலர் அதைப் படித்ததே இல்லை. அவர்களிடம் பிரெய்ல் தாளை நீட்டினால் அதுவும் வாசிக்க முடியாத இன்னொரு கடிதம்தான்.

நான் பல வருடங்களாகப் பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினி பழக்குகிறேன். என்னிடம் வருபவர்களில் அநேகமானோர் அன்றாடம் வாசிப்பது போனில்தான். அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள்கள். இரண்டுக்கும் காசு இல்லை. திரையில் உள்ள தமிழை உரத்து வாசித்துக் காட்டும். ஆகவே உங்கள் மேசைக் கணினியில் கிடக்கிற வேர்ட் கோப்பே அவருக்கு ஏற்ற வடிவமாக இருக்க முடியும். நடுவில் நிற்பவை இரண்டு தடைகள்.

முதலாவது, பாமினி. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் ரைப் செய்கிறார்கள். அது பார்வைக்கு மட்டும் தமிழ். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "அம்மா" என்று நீங்கள் அடித்தால் உள்ளே எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகும். திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளையே வாசிக்கும். ஒரு நாள் ஒரு மாணவர் தனக்கு வந்த நியமனக் கடிதத்தை என்விடிஏயில் திறந்தார். முழுப் பக்கமும் அர்த்தமில்லாத ஆங்கில ஓசையாக ஓடியது. தன் பெயராவது எங்காவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் எல்லா அலுவலகங்களிலும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

பரிசோதிப்பது மிகச் சுலபம். கடிதத்தில் ஒரு வரியைக் கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் அது யூனிகோட், அதாவது கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதியும் முறை, பிரச்சினை இல்லை. ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறினால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒருதரம் கண்ணால் ஓடவிட வேண்டும். கடிதத்தின் நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, வங்கியின் பெயர் போன்றவை தமிழ் எழுத்துக் குப்பையாக மாறியிருக்கும். புதிய கடிதங்களை யூனிகோடிலேயே அடிக்கப் பழகுவதுதான் நிரந்தர வழி. பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கும் வழி உண்டு: அதே விசை அமைப்பில் யூனிகோட் தரும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. உங்கள் முகாமைத்துவ உதவியாளர்கள் புதிதாக ரைப் செய்யப் பழகத் தேவையில்லை.

இரண்டாவது தடை ஸ்கான். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்பதற்காகக் கடிதத்தைப் பிறிண்ட் எடுத்து, ஒப்பமிட்டு, ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறோம். அந்த நேரத்தில் எழுத்து படமாகிவிடுகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், வாசிக்க ஒன்றும் இல்லை. கூகுள் லென்ஸ் போன்றவை படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் முத்திரை விழுந்த இடத்தில் திகதியோ தொகையோ பிழைத்தால் யார் பொறுப்பு? ஒப்பமிட்ட பிரதி அத்தாட்சிக்கு இருக்கட்டும், அதோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். முகநூலில் அறிவித்தல்களைப் படமாகப் போடும்போதும் இதே மாதிரித்தான்: படத்துக்கு மேலே முழு விபரத்தையும் எழுத்தாகப் போட்டுவிட்டால் போதும்.

விண்ணப்பப் படிவங்களில் பெயர் எழுதும் இடத்தில் நீளமாகப் புள்ளி வைக்கிறோமே, சில திரைவாசிப்பான்கள் அதை ஒவ்வொன்றாகப் "புள்ளி புள்ளி" என்று சொல்லிக்கொண்டே போகும். அந்த இடத்தில் நிரப்பும் கட்டத்தை வையுங்கள்.

சரி, மேலதிகாரி "இதற்கு ஏதும் சட்டம் இருக்கிறதா?" என்று கேட்பார். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 21ஆம் உறுப்புரை, பொதுமக்களுக்கான தகவலை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில், காலம் தாழ்த்தாமல், மேலதிகப் பணம் வாங்காமல் கொடுக்கச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுத்தில் கேட்க முடியாத பிரஜை வாயால் கேட்கலாம், தகவல் உத்தியோகத்தர்தான் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். "காலம் தாழ்த்தாமல்" என்பதைக் கோடிட்டுக் காட்டுங்கள். மேன்முறையீட்டுக்கு இரண்டு கிழமை கொடுத்திருந்தால், வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதிலேயே அந்தத் தம்பிக்கு ஒரு கிழமை போய்விடும். அதைவிடப் பெரிய நோவு ஒன்று இருக்கிறது. தன் வருத்தம், தன் வருமானம், தனக்குக் காசு கிடைக்குமா இல்லையா என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் வாயால் தனக்கே வந்து சேர்வது. அதை எந்த மனிதருக்கும் நாங்கள் செய்யக்கூடாது.

போனில் வாசிக்கவும் தெரியாது, பிரெய்லும் தெரியாது என்றால் குரல்பதிவு செய்து கொடுங்கள். அறையைச் சாத்திக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். யாரிடமிருந்து, என்ன விடயம், எத்தனை பக்கம் என்பதை முதலில் சொல்லுங்கள். திகதியையும் தொகையையும் இரண்டு தரம் சொல்லுங்கள். பிரெய்ல்தான் வேண்டும் என்று கேட்பவருக்கு அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாக விரியும், ஆகவே நேரத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பிரிவின் சமூகசேவை உத்தியோகத்தர் மூலம் சுன்னாகத்தில் பார்வையற்றோருக்காக இயங்கும் வாழ்வகம் போன்ற நிறுவனங்களிடம் உதவி கேட்டுப் பாருங்கள். அனுப்புவதற்கு முன் பிரெய்ல் தெரிந்த ஒருவரின் விரல் அதைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கண் மங்கிய முதியவர்களுக்கு 18 அளவு எழுத்து, மினுங்காத வெள்ளைத்தாள், கறுப்பு மை.

காது கேளாதவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண் தெரிகிறதுதானே, கடிதத்தை வாசிப்பார்கள் என்று நினைப்பது தவறு. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. எங்கள் அலுவலகத் தமிழைப் பாருங்கள்: "மேற்படி விடயம் தொடர்பில் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பமானது பூரணப்படுத்தப்படாமையினால் உரிய ஆவணங்களுடன் எதிர்வரும் 14ஆம் திகதிக்கு முன்னர் சமுகமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்." இதையே இப்படி எழுதலாம்: "உங்கள் விண்ணப்பத்தில் வைத்தியச் சான்றிதழ் இல்லை. அதைக் கொண்டு 14ஆம் திகதிக்கு முன் செயலகத்துக்கு வாருங்கள். இரண்டாவது அறையில் என்னைக் கேளுங்கள்." கற்றல் குறைபாடு உள்ளவருக்கும் இதுதான் உதவும். முதலாவது வடிவத்தில் என்ன ஆவணம் என்பதே இல்லை, கவனித்தீர்களா? முக்கியமான அறிவித்தல்களுக்குச் சைகைமொழி தெரிந்தவரைக் கொண்டு ஒரு சின்ன வீடியோவும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கோவைகளில் ஒரு நிரல் புதிதாகச் சேருங்கள்: "எந்த வடிவில் வேண்டும்?" முதல் தடவை வரும்போதே கேட்டுப் பதிந்துவிட்டால், மேசை மாறி வருகிற அடுத்த உத்தியோகத்தரிடம் அந்தத் தம்பி மறுபடியும் முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்றைக்கே அவருக்குப் போன் எடுத்து, எந்த வடிவம் வேண்டும் என்று கேளுங்கள். போனில் வாசிப்பவர் என்றால் கடிதத்தை யூனிகோடுக்கு மாற்றி வட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். அவர் கேட்டு முடித்ததும், எந்த வரி இடறியது என்று கேட்டு எழுதி வையுங்கள்.