பந்தியில் மறுக்க முடியவில்லை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. விசுவமடுவில் இருக்கிறோம். அரச அலுவலகம் ஒன்றில் வேலை. உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. தை மாதம் இரத்தம் சோதித்தபோது வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்தது. "இது இன்னும் சீனி வருத்தம் இல்லை. ஆனால் விட்டால் வரும். அஞ்சாறு கிலோ குறையுங்கோ" என்று டொக்டர் சொன்னார். இதை நான் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் கதை பரவும்.

குறைக்கத்தான் பார்க்கிறேன். சுற்றியிருக்கிறவர்கள் விட்டால்தானே! பங்குனியில் புளியம்பொக்கணைப் பொங்கல், வைகாசியில் வட்டப்பளைப் பொங்கல், இடையில் சாமத்திய வீடு, குடிபூரல், பிறந்தநாள், முப்பத்தோராம் நாள், ஆட்டத் திவசம். ஆனி, ஆவணி என்றால் வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கிவிடும், கிழமைக்கொரு கலியாணம். போகாவிட்டால் "பெரிய ஆளாகிட்டா" என்பார்கள். போனால் வாசலிலேயே சோடா, இருந்தவுடன் பலகாரத் தட்டு, பிறகு பந்தி, வெளிக்கிடும்போது கையில் ஒரு பலகாரப் பை. அலுவலகத்திலும் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கும் றோல்ஸும் மேசைக்கே வரும்.

எல்லாரையும் விட என் மச்சாள்தான் மோசம். இவருடைய தங்கச்சி. சித்திரையில் தன் இளைய மகளின் சாமத்திய வீட்டில் எல்லாருக்கும் முன்னால் "மச்சாள் நல்லா ஊதிட்டா" என்று சொல்லிச் சிரித்தா. சொன்ன வாய் மூட முதல் என் இலையில் இரண்டாவது வடையை வைத்து, பாயாசத்தையும் ஊற்றினா. அவவுக்கு என்னதான் வேண்டும்? மாசியில் கொஞ்சம் மெலிந்தேன். உடனே ஒரு அக்கா றோட்டில் மறித்து, "என்ன பிள்ளை இப்பிடி வாடிப் போனீர், ஏதும் வருத்தமோ" என்று கேட்டா. குண்டென்றாலும் குற்றம், மெலிந்தாலும் குற்றம்.

அதனால் வீட்டில்தான் இறுக்கிப் பிடிக்கிறேன். விசேஷம் இருக்கிற நாளில் காலைச் சாப்பாடு இல்லை. போய் வந்தால் அடுத்து வரும் இரவுகளிலும் வெறும் தேத்தண்ணிதான். அப்படியிருந்தும் மறுநாள் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடி நிற்கிறது. அழுகைதான் வருகிறது. அம்மா வேறு ஒவ்வொரு இரவும் நீத்துப்பெட்டியில் புட்டவித்து வைத்துக்கொண்டு "ஒரு வாய் சாப்பிடு பிள்ளை" என்று பின்னால் திரிவா. நான் எரிந்து விழுவேன். (அவவும் இப்போது இரவில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "நீ சாப்பிடாமல் எனக்கு என்னெண்டு இறங்கும்" என்று சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவா. 68 வயது. விடிய எழும்பும்போது சட்டையெல்லாம் வேர்த்து நனைந்திருக்கும், தலையிடி என்பா. இந்த வெக்கைதானே.) கடைசிப் போர் நேரம் மாத்தளனில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மனுசி. நிறை குறைக்கிறது என்றால் அவவுக்கு என்னவென்று விளங்காது.

ஆவணியில் மச்சாளின் மூத்த மகளுக்குக் கலியாணம். கனடாவிலிருந்தும் எல்லாரும் வருகிறார்கள். திரும்பவும் அதே பந்தி, அதே மச்சாள். முகத்துக்கு நேரே என்ன சொன்னால் அவ வாயை மூடுவா? எப்படி மறுக்கிறது என்று சொல்லித் தாருங்கள்.

விசுவமடு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மச்சாளைப் பிறகு பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கடந்து போனீர்களே, அந்த நாலு வரிதான் எனக்கு முக்கியம். அது ஆவணி வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை.

சீனிக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிற 68 வயது மனுசி, சட்டை நனைய வேர்த்து, தலையிடியோடு எழும்புகிறார். வெக்கையாகவும் இருக்கலாம். ஆனால் நித்திரையில் இரத்தச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கினாலும் இதே அறிகுறிகள்தான் வரும். இன்றைக்கே அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மெற்போமின் மட்டும் எழுதியிருந்தால் பயம் குறைவு, அது தனியே சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட், ரொல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட் இவற்றில் ஒன்று இருந்தால், அல்லது இன்சுலின் என்றால், கவனமாக இருக்க வேண்டும். இந்தக் குளிசைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். வயது போனவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் இன்னும் கூடிய நேரம் தங்கும். சீனி 70 க்கு (mg/dL) கீழே போனால் வேர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. மேலும் இறங்கினால் தடுமாற்றம், மாறாட்டமான கதை, மயக்கம். விழித்திருக்கிறவர் நடுக்கத்தை உணர்ந்து எதையாவது சாப்பிடுவார். நித்திரையில் இருக்கிறவர் அதை உணராமலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம்.

ஆகவே இன்றிரவு அம்மா சாப்பிட வேண்டும். குளிசையைச் சாப்பாடில்லாமல் விழுங்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குத்திப் பார்க்கிற மெசின் வீட்டில் இருந்தால், அல்லது அயலில் இரவல் வாங்க முடிந்தால், இரவு இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் பாருங்கள். வேர்த்திருக்கிற நேரம் கட்டாயம் பாருங்கள். 70 க்குக் கீழே என்றால் அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொருதரம் கொடுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும், சீனித் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சீனி வருத்தக்காரருக்குச் சீனியா என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம். மெசின் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தாலும் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990 க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், எனக்கு எழுதியதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இனி உங்களுடைய கதை. கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சோடா நீட்டியவருக்கு நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அலுவலகக் கேக்குக்கும் மச்சாளின் வடைக்கும் சொல்லவில்லை. இத்தனை பேரில் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறீர்கள், அது அம்மாவுக்கு. எவ்வளவு மறுத்தாலும், எரிந்து விழுந்தாலும், அடுத்த இரவும் புட்டோடு வந்து நிற்பார் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வெளியில் பட்ட கடனை நீங்கள் அம்மாவின் அடுப்படியில் அறவிடுகிறீர்கள். உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம்தான் நிற்பேன்.

அவருக்கு விளங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கலோரிக் கணக்கு விளங்காமல் இருக்கலாம். 2009 இல் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு அவர் வரிசையில் நின்றது யாருக்காக? அப்போது உங்களுக்கு இருபதுகளின் நடுப்பகுதி. அந்தக் கஞ்சி முதலில் யாருடைய கைக்கு வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை வெறும் வயிற்றோடு படுக்கிற வீட்டில் தான் மட்டும் சாப்பிட அவருக்குத் தெரியாது. நீங்கள் டயற் என்று நினைப்பதை அவர் பட்டினியாகத்தான் பார்க்கிறார். உண்மையில் அது பட்டினிதான், அவருடைய கணிப்பில் பிழையில்லை.

அந்தப் பட்டினியால் உங்களுக்காவது பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. மறுநாள் தராசில் தெரிகிற ஒன்றரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். சோறும் சீனியும் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சீனியாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாயில் இருக்கிற உப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நாலு நாளில் அது தானாக இறங்கிவிடும். தானாக இறங்குகிற அந்தத் தண்ணீருக்காகத்தான் நீங்களும் பட்டினி கிடந்து, அம்மாவையும் பட்டினி போடுகிறீர்கள். இனி விசேஷத்துக்கு மறுநாள் தராசைத் தொடாதீர்கள். வியாழக்கிழமை விடிய, வெறும் வயிற்றில், கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போவதால்தான் பந்தியில் கை நிற்காமல் போகிறது. பசியோடு போய் இருக்கிறவருக்கு முதல் வடையின் ருசியே தெரியாது. விசேஷத்தன்று காலையில் ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு கோப்பை அவித்த கௌப்பி அல்லது பயறு கட்டாயம் சாப்பிடுங்கள். நிறை ஏறுவது பந்தியால் மட்டும் என்று எண்ண வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் வருவதுதான் கூடுதலாக ஏற்றுகிறது. ஒரு கிளாஸ் சோடாவில் நாலைந்து தேக்கரண்டி சீனி இருக்கிறது, அது பசியையும் தீர்க்காது. பலகாரத் தட்டில் ஒரு றோல்ஸும் ஒரு அரியதரமும் ஒரு துண்டுக் கேக்கும் எடுத்தால் ஒரு நேரச் சாப்பாட்டின் கலோரி முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் இலையே போடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவருகிற பலகாரப் பை இரண்டு நாளுக்கு அடுப்படியில் கிடந்து, தேத்தண்ணியோடு தேத்தண்ணியாகக் கரையும். வாசலில் தண்ணீர் கேளுங்கள். தட்டில் உங்களுக்கு உண்மையாகப் பிடித்த ஒன்றை எடுத்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள். பையை அன்று பின்னேரமே அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பந்தியில் சந்தோஷமாக இருங்கள்: பருப்பு, பயிற்றங்காய், கத்தரிக்காய், கீரை எல்லாம் நல்ல சாப்பாடு. சோறு ஒரு அகப்பை போதும், மறுசோறு வேண்டாம்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள், அளவை மாற்றுங்கள். குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் பாதிக்குப் பாதி, ஆளுக்கு 60 கிராம். அது 210 கலோரி அளவுதான் வரும். தேங்காய்ப்பூ ஒரு பிடி. அதோடு முருங்கையிலை வறை அல்லது வல்லாரைச் சம்பல், ஒரு துண்டு குளத்து மீன். சொதிக்கு முதற்பால் வேண்டாம், இரண்டாம் பால் காணும். ஏழரை மணிக்கு அம்மாவும் நீங்களும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். எவ்வளவு மா, எவ்வளவு தேங்காய் என்பதை அம்மாவிடமே ஒப்படையுங்கள், புட்டின் கணக்கு அவருக்கு உங்களை விட நன்றாகத் தெரியும்.

டொக்டர் சொன்ன அஞ்சாறு கிலோ சும்மா சொன்ன கணக்கில்லை. 2002 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், உங்களைப் போல எல்லையில் நின்றவர்களுக்கு நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காகக் கொடுக்கப்பட்டது. சீனி வருத்தம் வருகிற வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. 78 கிலோவில் 7 வீதம் ஐந்தரைக் கிலோ. குளக்கட்டில் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். கலியாண வீட்டுக்காரருக்குக் காட்ட நிறை குறைக்கிறவர் கலியாணம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்.

மச்சாளுக்கு வருகிறேன். எல்லாருக்கும் முன்னால் ஊதிட்டா என்று சிரித்தது பிழை, அது உங்களுக்கு நொந்ததில் நியாயம் இருக்கிறது. வடை வைத்தது பிழையில்லை. தன் வீட்டுக்கு வந்தவரின் இலையைப் பார்த்துப் பார்த்து நிரப்புவது வீட்டுக்காரியின் கடமை, மூன்றுதரம் கேட்காமல் விடமாட்டா. "காணும்" என்று சொல்லி இலைக்கு மேலே கையை மறிப்பதும் நமது ஊர்ப் பழக்கம்தான். அகப்பை இலைக்கு வர முன்னமே கை மறிக்க வேண்டும், ஊற்றிய பிறகு மறித்துப் பயனில்லை. கை நனைக்காமல் போனால்தான் அவ மனம் நோகும். ஒரு வடையோடு எழும்பினால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

வாயை மூட வைக்கிற பதில் உங்களுக்கு வேண்டாம். கலியாணத்துக்கு முதல், தனியே, போனில் சொல்லுங்கள்: "மச்சாள், எனக்குச் சீனி எல்லையில நிக்குது. டொக்டர் நிறை குறைக்கச் சொல்லியிருக்கிறார். அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னது எனக்குச் சரியாய் நொந்துபோச்சு. கலியாணத்தண்டு எனக்கு ஒரு வடை காணும்." கதை பரவும் என்று பயப்படுகிறீர்கள். பரவட்டும். வருத்தத்தை மறைத்துக்கொண்டு ஒருவரும் என்னை விளங்கவில்லை என்று கோபிப்பது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். விஷயம் தெரிந்தால், உங்கள் இலைக்கு வருகிற பாயாச வாளியை மச்சாளே மறிக்கக்கூடும்.

கலியாணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகூர்த்தம் பிந்தினால் பந்தியும் பிந்தும். காலைக் குளிசை போட்ட அம்மா அவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. வீட்டில் இருவரும் சாப்பிட்டுவிட்டே வெளிக்கிடுங்கள். கைப்பையில் ஒரு பக்கற் பிஸ்கட்டும், சட்டென்று கொடுக்க ஒரு சரையில் மூன்று தேக்கரண்டி சீனியும் இருக்கட்டும். முதல் பந்தியிலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து இருந்துவிடுங்கள்.