கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறோம், எதை ஆயத்தப்படுத்த வேண்டும்?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். எனக்கு 34 வயது, கணவருக்கு 38. அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர், நான் ஆசிரியை. மகளுக்கு 9 வயது. எங்கள் சபை எங்களைக் கம்போடியாவின் பட்டம்பாங் நகரத்துக்கு மிஷனரிகளாக அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. அழைப்பைப் பற்றி எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், பணத்துக்கு என்ன ஒழுங்கு, மகளின் படிப்பு என்ன ஆகும், நீரிழிவு உள்ள அம்மாவை எப்படி விட்டுப்போவது என்று கேட்டால், "ஜெபியுங்கள்" என்பதற்கு மேல் ஒருவரும் சொல்வதில்லை. சொந்தக்காரரோ, "வெளிநாடு போறதெண்டால் கனடாவுக்குப் போங்கோவன், ஏன் கம்போடியா?" என்கிறார்கள்.

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. 2014 இல் நாங்கள் அதே பட்டம்பாங்குக்குப் புறப்பட்டபோது என் மாமியும் இதையேதான் கேட்டா. ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, "அங்க பி.ஆர். தரேல்லையோ?" என்றா.

மற்றவற்றுக்கு வருவோம். மிஷனரியின் நாள் என்றதும் சபையில் திரையில் போட்டுக் காட்டும் படங்கள்தான் நினைவுக்கு வரும்: மரத்தடியில் பிள்ளைகள், ஆற்றில் ஞானஸ்நானம். அவை பொய்யில்லை, ஆனால் வருஷத்தில் நாலைந்து நாள்தான். மற்ற நாட்களில், விடியற்காலை ஐந்தரைக்குப் பக்கத்துத் தெருக் கலியாண வீட்டு ஒலிபெருக்கி உங்களை எழுப்பும். பந்தலை வீதியிலேயே போட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவால் போகவேண்டும். வெயில் ஏறமுதல் சந்தை. எட்டு மணிக்கு மொழி வகுப்பு. பத்து மணிக்கு விசாக் கடதாசி அலுவல், அல்லது தண்ணீர் மோட்டர் பழுது. பின்னேரம் மகளின் பாடம். இரவு வேத ஆராய்ச்சிக்கு ஆறு பேருக்குத் தேத்தண்ணி வைத்தால் இரண்டு பேர் வருவார்கள். மற்ற நாலு பேருக்கும் நெல் வெட்டு, செத்த வீடு, தாய்லாந்தில் கூலி வேலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். இந்த அலுவல்களையெல்லாம் முடித்துவிட்டு ஊழியம் தொடங்கலாம் என்று நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அவை முடிவதில்லை.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. முதல் இரண்டு வருஷத்தை முழுக்க மொழிக்கு என்று ஒதுக்குங்கள். "போய்ப் பேசப் பேச வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சந்தைப் பேச்சு வரும், அழுகிறவரோடு கதைக்கும் பேச்சு வராது. மொழிபெயர்ப்பாளரை வைத்து ஊழியம் செய்யலாம். ஆனால் அப்போது உங்கள் நண்பர்கள் எல்லாரும் அந்த மொழிபெயர்ப்பாளரின் நண்பர்களாகத்தான் இருப்பார்கள். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழைப் படித்து, எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அந்த உழைப்பை அனுபவித்த பக்கத்திலிருந்து போகிறவர்கள் நாங்கள்.

கம்போடியாவின் மொழியான கெமரில் தமிழருக்குச் சில சலுகைகள் உண்டு. அதன் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. க, ச, ட, த, ப என்று நம் வரிசையிலேயே போகும். பள்ளிக்கூடம் 'சாலா', ஆசிரியை 'நேக் க்ரூ', சுகம் விசாரிப்பது 'சொக் சபாய்'. குருவும் சுகமும் உடுப்பு மாற்றி நிற்கிற மாதிரி இருக்கும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் முறை வைத்துக் கூப்பிடுவதும் நம் வழக்கம்தான்: மூத்தவர் ஆணோ பெண்ணோ 'பொங்', பெற்றோரிலும் இளைய மாமி 'மிங்', பெற்றோரிலும் மூத்தவர் 'ஓம்'. நான் போனில் அம்மாவோடு "ஓம், ஓம்" என்று கதைப்பதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை, உங்களுக்கு எத்தனை பெரியப்பா என்று கேட்டது.

கஷ்டம் வேறு இடத்தில். எண்கள் ஐந்தோடு நின்றுவிடும். ஆறு என்பது 'ஐந்து ஒன்று', ஏழு 'ஐந்து இரண்டு'. சந்தையில் ஒரு டொலருக்கு நாலாயிரம் ரியல் என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டால் மண்டை காயும். உயிரொலிகள் ஏராளம். அரிச்சுவடியில் சும்மா இருக்கிற நம் 'ங' அங்கே சொல்லுக்கு முதலில் வந்து நிற்கும். 'இலகு' என்பதற்கான சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. 'ச்ஙாஞ்' என்றால் ருசி, 'ச்ஙாய்' என்றால் தூரம். ஐந்தாம் மாதம் எதிர் வீட்டு மிங் ஒரு கிண்ணத்தில் புளிச் சூப் கொண்டுவந்து தந்தா. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "மிகவும் தூரம்" என்றேன். அவ வீதியைத் திரும்பிப் பார்த்தா, பிறகு கிண்ணத்தைப் பார்த்தா. விளங்கினதும் சிரித்த சிரிப்பில் மூடி கீழே விழுந்து உருண்டது. பிறகு எதைக் கொண்டுவந்தாலும், "தூரமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தருவா. ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நெருங்கிய உறவு அந்தப் பிழையில் தொடங்கினது.

ஆனால் அந்த ஐந்து மாதத்துக்குள் எங்களை அனுப்பியவர்களிடமிருந்து, "இதுவரை எத்தனை பேர்?" என்று கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. நானும் பலவீனப்பட்டேன். எங்கள் முற்றத்து நாய்க்குட்டியைப் பார்க்க வந்த பதினொரு பிள்ளைகளை ஜெபக் கடிதத்தில் 'திரளான சிறுவர்' என்று எழுதினேன். சபையில் அதை வாசித்துக் கை தட்டினார்களாம். அடுத்த கடிதம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே புறப்படமுதல் உங்கள் சபைக் குழுவோடு இருந்து கதைத்து, முதல் இரண்டு வருஷம் எண்ணிக்கை கேட்கமாட்டோம், மொழியில் எவ்வளவு முன்னேற்றம் என்றுதான் கேட்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, குழு மாறும். யாராவது பொறுமை இழந்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: முதல் புரட்டஸ்தாந்து மிஷனரிகள் கம்போடியாவுக்குப் போனது 1923 இல், கெமரில் முழு வேதாகமம் அச்சாகி வந்தது 1954 இல்.

சட்டம் என்று பார்த்தால், பௌத்தம் அங்கே அரச மதம், மத சுதந்திரமும் உண்டு. இலங்கையில் இருந்து போகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்வதற்கு 2007 இல் அரசு தடை உத்தரவு போட்டது. பணம், பொருள் கொடுத்து மதம் மாற்றுவதும் கூடாது. நீங்கள் சேரப்போகும் குழு எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, உங்கள் விசா எந்த வகையில் எடுக்கப்படும் என்று இப்போதே கேளுங்கள். "சுற்றுலா விசாவில் வாங்கோ, பிறகு பார்ப்பம்" என்றால் போகாதீர்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் ஆங்கில வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். தாராளமாக எடுங்கள், ஆனால் அதை ஆங்கில வகுப்பாகவே எடுங்கள். வேதாகம வகுப்பு வைத்தால் அந்தப் பெயரிலேயே வையுங்கள். தூண்டிலில் புழு மாட்டுகிற மாதிரிக் கற்பிப்பதை அயலவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இலங்கையர் என்றால் அங்கே மரியாதை உண்டு, ஆனால் பௌத்த நாட்டவர் என்ற மரியாதை. தேரவாதம் அந்தப் பக்கம் வேரூன்றியதில் இலங்கைக்கும் பங்கு இருக்கிறது. "லங்காவிலிருந்து வந்து இயேசுவைப் பற்றிச் சொல்றீங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். புரட்டாசி, ஐப்பசி அளவில் ப்சும் பென் என்று பதினைந்து நாள் வரும். ஏழு தலைமுறை முன்னோருக்கும் சோற்று உருண்டை படைப்பார்கள். 'பென்' என்பது நம் பிண்டம்தான். விகாரைக்கு வரச்சொல்லி மிங் கூப்பிட்டபோது நான் அவ வீட்டில் இருந்து விடியுமட்டும் சேர்ந்து சமைத்தேன், உருண்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவவுக்குக் கொஞ்சம் மனம் நொந்தது, ஆனால் விளங்கியது. நீங்களும் அப்படியே செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். அந்த ஊர்க் கிறிஸ்தவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள், கொழும்புப் போதகரிடம் கேட்டு அல்ல.

இனிப் பணம். உங்கள் கணவர் கணக்காளர் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவில். எங்களைத் தாங்கியவர்கள் ஒருவர்கூடக் கைவிடவில்லை. மாதாமாதம் அதே ரூபாவைப் போட்டார்கள், எங்கள் கைக்கு வந்தது பாதியை ஒட்டிய டொலர். வீட்டுக்காரர் வாடகையை டொலரில்தான் கேட்டார். ஆகவே செலவுத் திட்டத்தை டொலரில் போட்டு, சபை அதை ரூபாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்க்கட்டும். ஆறு மாதச் செலவும் மூன்று பேருக்குத் திரும்பி வரும் ரிக்கெற் காசும் தொடாத கணக்கில் இருக்காமல் விமானம் ஏறவேண்டாம். சபைக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி என்ன பத்திரம் கேட்கும் என்று பொருளாளரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அதோடு யாரும் நினைக்காத ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. கணவர் வேலையை விடும் நாளிலிருந்து அவருடைய 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் நின்றுவிடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் கட்டும் 3 வீதமும் போகும். ஊழியக்காரர் ஆனதும் ஊழியர் நிதி நிற்பது வேடிக்கைதான், ஆனால் 55 வயதில் வேடிக்கையாக இருக்காது. சபை தொடர்ந்து கட்டுமா, அல்லது அதற்குச் சமமான தொகையை உங்கள் பெயரில் சேமிக்குமா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது ட்யூஷன் கொடுக்கிறேன்.

மகள். ஒன்பது வயது போவதற்கு நல்ல வயது, பதின்மூன்று திரும்பி வருவதற்குக் கெட்ட வயது. சாதாரண தரம் இலங்கைப் பாடத்திட்டத்திலா, லண்டன் பாடத்திட்டத்திலா என்று இப்போதே தீர்மானியுங்கள், இடையில் மாறினால் பிள்ளைதான் உடையும். அங்கே அரச ஆரம்பப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள் முறை. காலையில் கெமர்ப் பள்ளி, பின்னேரம் வீட்டில் உங்கள் பாடம் என்று முதல் வருஷம் வைத்துப் பார்க்கலாம். பிள்ளை உங்களைவிட மும்மடங்கு வேகத்தில் மொழி பிடிப்பாள், சந்தைக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவீர்கள். பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையும் தேர்ச்சி அறிக்கைகளையும் மூலப் பிரதியாக எடுத்துவையுங்கள். இரவில் ஒரு பக்கமாவது தமிழ் வாசிக்கவேண்டும். எங்கள் மகன் அம்மம்மாவோடு போனில் கதைக்க ஆங்கிலத்துக்குத் தாவின நாளில் அம்மா பேசாமல் போனை வைத்துவிட்டா.

உங்கள் அம்மாவுக்கு: கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது யார், திடீரென்று சத்திரசிகிச்சை என்றால் முடிவெடுப்பது யார் என்று உடன்பிறப்புகளோடு கூடி இருந்து பெயர் குறித்து எழுதுங்கள். வங்கி, வீட்டு அலுவல்களுக்கு நொத்தாரிசிடம் போய் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுங்கள். கம்போடிய நேரம் இங்கிருந்து ஒன்றரை மணித்தியாலம் முந்தி. அம்மா மருந்து குடித்துச் சாப்பிடும் ஏழு மணிக்கு அங்கே எட்டரை, வேத ஆராய்ச்சி முடிகிற நேரம். எடுத்துக் கதைக்க வசதி. நேரில் வர அவ்வளவு வசதியில்லை: பட்டம்பாங்கிலிருந்து தலைநகர் நொம்பென் ஏறத்தாழ 290 கிலோமீற்றர், பிறகு பேங்கொக் அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறவேண்டும். என் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது பூக்கள் வாடியிருந்தன. இதை அம்மாவோடு நேரே கதையுங்கள். அவவுக்குத் தெரியும், நீங்கள் சொல்லட்டும் என்றுதான் இருப்பா.

இந்தக் கிழமையே தொடங்கக்கூடியவை: மூன்று பேரின் கடவுச்சீட்டிலும் எவ்வளவு காலம் மிச்சம் என்று பாருங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். பொலிஸ் நற்சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். பெட்டியில் வறுத்த மிளகாய்த்தூளுக்கு இடம் விடுங்கள், அங்கே அந்த ருசியில் கிடைக்காது. கருவாடு வேண்டாம். அவர்களிடம் ப்ரஹொக் என்று ஒரு மீன் பசை இருக்கிறது. முதல் மாதம் மணம் தாங்கமாட்டீர்கள், இரண்டாம் வருஷம் சொதியிலும் போடுவீர்கள்.